செயற்கை மூட்டின் பிடிப்பு



காங்கேயம் என்றதும் காளை நினைவுக்கு வரும். காளைக்கு அடுத்தபடி வண்டியைச் சொல்ல வேண்டும். மாட்டுவண்டிகள் மலிந்திருந்த காலத்தில், மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றுவது எங்கள் வட்டாரத்தில் நாள்தோறும் காணும் காட்சி. கொல்லர் அந்தப் பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாகவே செய்திருப்பார். வறட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி அதைப் பழுக்கக் காய்ச்சுவார். சூட்டினால் விரிந்த பட்டையைச் சக்கரத்தின்மேல் அடித்து இறக்கி, உடனே நீரை ஊற்றுவார். இரும்பு சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். கொத்தனாரின் வழி வேறு. சுவரிலே கதவு நிலையை நிறுத்தும்போது, நிலைக்கும் சுவருக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் அவர் சாந்தை இட்டு நிரப்புவார். சாந்து இறுகியதும் நிலை அசையாது.

ஒரு பொருளை மற்றொரு பொருளுக்குள் அசையாமல் நிறுத்துவதற்குக் கொல்லரின் வழியா, கொத்தனாரின் வழியா? வேடிக்கைபோல் தோன்றும் இவ்வினாவை, மனித எலும்பினுள் செயற்கை மூட்டைப் பொருத்த முனைந்த அறுவை மருத்துவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக எழுப்பி வந்திருக்கின்றனர். நோயாளி இளைஞராக இருந்தால் அவ்வினா மிகவும் கடினமாகிவிடுகிறது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இடுப்பு மூட்டு பந்தும் கிண்ணமும் போன்றது என்று உயிரியல் பாடத்திலே படித்திருப்பீர்கள். தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழியில் சுழல்கிறது. நடக்கும்போது அம்மூட்டின்மேல் உடல் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தம் விழுகிறது. இப்படி ஆண்டொன்றுக்குச் சுமார் பத்து லட்சம் முறை. இவ்வளவையும் தாங்கும் மூட்டுக்கு மாற்று செய்வது எளிதாகுமா?

முதன்முதல் துணிந்தவர்களுள் ஒருவர் பெர்லின் நகரத்து தெமிஸ்டோக்கிளிஸ் குளுக். 1890-ஆம் ஆண்டை ஒட்டி அவர் யானைத் தந்தத்தில் மூட்டுகளைக் கடைந்து பொருத்தினார். திருகாணிகளை முடுக்கினார், குங்கிலியம் போன்ற பிசினையும் நுரைக்கல் பொடியையும் சுண்ணச்சாந்தையும் கலந்த ஒருவகைப் பசையையும் கையாண்டார். அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் காசநோயால் மூட்டு அரிக்கப்பட்டவர்கள். சீழ் பிடித்து முயற்சிகள் வீணாயின. ஆயினும், 'மூட்டைச் செய்வது பாதி வேலை, நிறுத்துவது மறு பாதி' என்பதை அவர் அன்றே கண்டிருந்தார்.

முழு இடுப்பு மூட்டையும் உலோகத்தால் மாற்றிய முதல்வர் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் பிலிப் வைல்ஸ். ஆண்டு 1938. இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அவர் சிகிச்சை செய்த அறுவரும் முதியோர் அல்லர், இளம்பருவத்திலேயே தொடங்கும் கடும் மூட்டுவாதத்தால் முடங்கியவர்கள். இன்று முதியோருக்கு உரியதென்று நாம் எண்ணும் இச்சிகிச்சை, இளையோரின் துயர் கண்டே பிறந்தது எனலாம். வைல்ஸ் துருப்பிடிக்காத எஃகுக் கிண்ணத்தைத் திருகாணிகளாலும், எஃகுப் பந்தை எலும்புக் கழுத்தில் செலுத்திய ஆணியாலும் நிறுத்தினார். திருகாணியின் பிடி சில புள்ளிகளில் மட்டுமே இருக்கும். எலும்போ உயிருள்ள பொருள். ஓயாத அசைவில் அப்புள்ளிகள் தேய்ந்து பிடி தளர்ந்துவிட்டது. அதற்குள் போரும் வந்துவிட்டது.

இனி நாம் இங்கிலாந்தின் வடமேற்கே, பஞ்சாலைகளுக்குப் பேர்போன லங்காஷயருக்குச் செல்வோம். கோயம்புத்தூரைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்கிறோம் அல்லவா? அந்த மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ரைட்டிங்டன் என்னும் ஊரில் முன்பு காசநோய் மருத்துவமனையாக இருந்த இடத்தில்தான் ஜான் சார்ன்லி தம் ஆய்வை நடத்தினார். பிற மருத்துவர் ஒருவர் பொருத்திய பிளாஸ்டிக் பந்து, நோயாளி அசையும்போதெல்லாம் கிறீச்சிடுவதை அவர் கேள்வியுற்றார். எண்ணெய் காணாத வண்டி அச்சுப்போல் அது ஏன் ஒலிக்கிறது? உராய்வு மிகுதியாக இருக்கிறது. அந்த உராய்வே பந்தை எலும்பிலிருந்து பெயர்க்கிறது என்று அவர் முடிவு செய்தார். எனவே உராய்வைக் குறைக்க வேண்டும்; பிடிப்பைக் கூட்டவும் வேண்டும்.

பிடிப்புக்கு அவர் தேர்ந்தது கொத்தனாரின் வழி. பல் மருத்துவர்கள் பொய்ப்பல் செய்யப் பயன்படுத்திய அக்ரிலிக் பிசினை, மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பொருள்களை ஆராய்ந்த டென்னிஸ் ஸ்மித்தின் யோசனைப்படி எடுத்துக்கொண்டார். மாவுபோல் பிசைந்து தொடை எலும்பின் உட்குழலில் திணித்து, அதில் உலோகத் தண்டைச் செருகினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். இது பசை அன்று, சாந்து என்பதைச் சார்ன்லி வற்புறுத்திக் கூறினார். எலும்பின் உட்பக்கத்து மேடுபள்ளங்கள் எல்லாவற்றிலும் புகுந்து நிரம்புவதால், பாரம் சில புள்ளிகளில் தங்காமல் பரவலாக இறங்குகிறது. 'எலும்புச் சிமெண்டு' என்று பெயர் பெற்றது இதுவே.

உராய்வுக்கு அவர் முதலில் நாடியது டெஃப்லான். 1958 முதல் ஏறத்தாழ முந்நூறு பேருக்கு அதைப் பொருத்தினார். நோயாளிகள் வலியின்றி நடந்தனர், உலகம் வியந்தது. ஓரிரு ஆண்டுகளில் கிண்ணங்கள் தேய்ந்து துகளாயின. துகள் சேர்ந்த இடமெல்லாம் திசு புண்பட்டது. சார்ன்லி தம் தொடையிலேயே அந்தத் துகளை ஊசியால் ஏற்றிக்கொண்டு சோதித்தார், வீங்கிச் சிவந்தது. பிறகு தாம் பொருத்திய மூட்டுகளைத் தாமே ஒவ்வொன்றாக எடுக்கும் கசப்பான பணியில் இறங்கினார். இவ்வளவு பெரிய தோல்வியை இவ்வளவு வெளிப்படையாக ஏற்ற அறிவியலாரைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை.

அப்போதுதான் நெசவுத் தொழில் கைகொடுத்தது. தறிகளின் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்டு வந்த ஒருவகை பாலியெத்திலினை விற்பனையாளர் ஒருவர் கொண்டுவந்தார். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவருடைய பட்டறையில் பணிபுரிந்த ஹாரி கிரேவன் என்னும் தொழில்நுட்பர், தாமாகவே அதைச் சோதனைப் பொறியில் மாட்டி ஓட விட்டார். மூன்று வாரம் இரவும் பகலும் ஓடிய பின்னும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை! 1962 நவம்பரில் சார்ன்லி அதை நோயாளிக்குப் பொருத்தினார். எஃகுத் தலை, பாலியெத்திலின் கிண்ணம், இரண்டுக்கும் அக்ரிலிக் சாந்து என்னும் அந்த அமைப்பின் சாரம் இன்றளவும் வழக்கில் உள்ளது. அவருக்கு 1977-இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. விசைத்தறிகள் நிறைந்த நம் கொங்குநாட்டு மாணவர்கள் ஹாரி கிரேவனின் பெயரையும் நினைவில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதியோருக்கு இது வரப்பிரசாதமாயிற்று. இளைஞருக்கோ சார்ன்லியே தயங்கினார். எழுபது வயதானவர் மூட்டை மெல்லப் பயன்படுத்துவார். அது அவர் ஆயுளுக்குப் போதும். முப்பது வயதினர் நாற்று நடுவார், மூட்டை தூக்குவார். அவர் ஆயுள் மூட்டின் ஆயுளைக் கடந்து செல்லும். 1981-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சிமெண்டிட்டு மூட்டு மாற்றப்பட்ட முப்பது வயதுக்குட்பட்டோரை ஐந்தாண்டுக்குப் பின் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்ட மூட்டுகள் தளர்ந்தோ தளரும் அறிகுறியுடனோ இருந்தன என்று கூறியது. தளர்ச்சியைச் சுற்றி எலும்பும் கரைந்திருந்தது. 'சிமெண்டு நோய்' என்றே அதற்குப் பெயர் சூட்டினர் சிலர்.

ஆகவே கொல்லரின் வழிக்குத் திரும்பினார்கள். இதற்கு வித்து முன்பே விழுந்திருந்தது. ஆஸ்டின் மூர் என்னும் அமெரிக்கர், 1950-களின் தொடக்கத்திலேயே தம் உலோகத் தண்டில் சாளரங்கள் விட்டு, அவற்றின் வழியே எலும்பு வளர இடம் தந்திருந்தார். சுவீடனில் பெர்-இங்வார் பிரானெமார்க், 1952-இல் முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றபோது, அது எலும்போடு ஒன்றிப் பிரிய மறுத்ததைக் கண்டார். உலோகமும் உயிரும் இணையக்கூடும்! பின்னர் உலோகத்தின் மேற்புறத்தை மணலை அப்பியதுபோல் நுண்துளைகள் உடையதாகச் செய்தனர். 1985-இல் இலண்டனில் ரொனால்டு ஃபர்லாங், எலும்பிலேயே உள்ள கனிமமாகிய ஹைட்ராக்ஸி அபடைட்டைத் தண்டின்மேல் பூசிப் பொருத்தினார்.

வேலை முறை இதுதான். இடுப்பெலும்பின் குழியைக் கிண்ணத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சிறியதாகக் கடைந்து, கிண்ணத்தை இறுக அடித்து இறக்குகிறார்கள். சக்கரப் பட்டையின் அதே தத்துவம்! இந்த இறுக்கம் தற்காலிகமானது. சில வாரங்களில் எலும்பு நுண்துளைகளுக்குள் வளர்ந்து நிரந்தரப் பிடிப்பைத் தருகிறது. அதற்குள் மூட்டு ஆடக் கூடாது. ஏழில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு மேல் அசைந்தால், எலும்புக்கு மாறாக நார்த்திசுவே வளரும் என்று நாய்களிடம் செய்த சோதனைகள் காட்டின. நார் பிடித்த மூட்டு, ஆடும் பல்லைப் போன்றது.

சிமெண்டை விலக்கியதும் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. சிமெண்டே இல்லாத மூட்டுகளைச் சுற்றியும் எலும்பு கரைந்தது! குற்றவாளி வேறு என்று அப்போதுதான் பலருக்கும் விளங்கியது. பாலியெத்திலின் கிண்ணத்திலிருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத துகளை உடலின் அணுக்கள் விழுங்கி, அந்தக் கிளர்ச்சியில் அக்கம்பக்கத்து எலும்பையும் கரைக்கின்றன. இதைச் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆய்வாளர்கள் 1970-களிலேயே சுட்டியிருந்தனர். செவிசாய்த்தவர் சிலரே. சாந்தைப் பழித்தார்கள், குற்றம் தூசியில் இருந்தது. 1990-களின் இறுதியில் கதிரியக்கத்தால் இறுகப் பின்னப்பட்ட பாலியெத்திலின் வந்த பிறகு தேய்மானம் பெரிதும் குறைந்தது. மற்றொரு புறம், இங்கிலாந்தின் எக்ஸீட்டர் நகரில் 1970-இல் தோன்றிய மெருகேற்றிய சிமெண்டுத் தண்டு, இளையோரிடமும் நெடுநாள் நன்றாக உழைத்து, எதிர்க்கட்சியின் வாதத்தை உயிரோடு வைத்திருக்கிறது.

நம் நாட்டில் இவ்வழக்கு ஏட்டளவில் நிற்பதன்று. மேலை நாடுகளில் இச்சிகிச்சைக்கு வருவோரில் பெரும்பாலோர் மூப்பினால் மூட்டு தேய்ந்தவர்கள். இந்தியாவிலோ, இரத்த ஓட்டம் குன்றித் தொடை எலும்பின் தலை மடிந்துபோவதால் வரும் இளைஞரும் நடுவயதினரும் மிகப் பலர். மதுப்பழக்கம், மருத்துவர் கண்காணிப்பின்றி உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்துகள், விபத்து ஆகியவை இதற்குக் காரணங்கள். அரிவாளணு இரத்தசோகை மற்றொன்று. இந்தியாவில் இதற்குரிய மரபுக்கூறு முதன்முதலில் கண்டறியப்பட்டது நமக்கு அண்மையிலுள்ள நீலகிரிப் பழங்குடியினரிடையே, 1952-இல். முதுகுத்தண்டு இறுகும் வாதத்தால் இருபது வயதிலேயே இரண்டு இடுப்பு மூட்டுகளும் கல்லாகிப்போன பிள்ளைகளும் உண்டு. அவர்களால் நாற்காலியிலும் சரியாக அமர இயலாது.

இத்தகைய இளையோருக்கு இன்று பெரும்பாலான மருத்துவர்கள் சிமெண்டில்லாத மூட்டையே தேர்கின்றனர். எலும்பு வளர்ந்து பற்றும் ஆற்றல் அவர்களுக்கு உண்டு என்பது ஒரு காரணம். என்றாவது ஒருநாள் மாற்ற நேரும்போது எலும்புக் குழலின் ஆழத்திலிருந்து பழைய சிமெண்டைச் சுரண்டி எடுக்கும் பாடு இல்லை என்பது இன்னொன்று. இதற்கும் விலை உண்டு. நன்றாக வேரூன்றிய உலோகத் தண்டைப் பெயர்ப்பதும் கடினமே; தடித்த தண்டு பாரம் முழுவதையும் தானே சுமந்துகொள்வதால், வேலையிழந்த எலும்பு மெலிவதும் உண்டு. எலும்பு நலிந்த முதியவருக்குக் கொத்தனாரின் வழியே பல இடங்களில் இன்றும் சிறந்ததாகக் கருதப்படுகிறது.

எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்பீர்கள். 2019-இல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பாய்வு ஒன்றின்படி, நூற்றில் ஏறத்தாழ ஐம்பத்தெட்டு மூட்டுகள் இருபத்தைந்து ஆண்டு நிலைத்தன. அதற்கு ஈராண்டு முந்திய பிரிட்டிஷ் ஆய்வு, எழுபது வயதுக்குமேல் மூட்டு மாற்றியவருள் நூற்றில் ஐவருக்கே மறு அறுவை வேண்டியிருக்கும் என்றும், ஐம்பது வயதைத் தாண்டியவுடன் மாற்றிக்கொண்ட ஆடவருள் நூற்றில் முப்பத்தைவருக்கு அது நேரலாம் என்றும் கணித்தது. முப்பது வயதில் மாற்றிக்கொள்பவர் இக்கணக்கைத் தாமே நீட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

என் பழைய மாணவர் ஒருவர், அரிசி ஆலையில் பணியாற்றுபவர், முப்பத்துநான்காம் வயதில் கோயம்புத்தூரில் இச்சிகிச்சை செய்துகொண்டார். மூட்டை சுமப்பதை விட்டுக் கணக்கெழுதுகிறார்; தரையில் குந்துவதில்லை. வலியே இல்லாதபோது எக்ஸ்-ரே எடுக்க எதற்குப் போக வேண்டும் என்று என்னிடம் கேட்டார். துகளினால் எலும்பு கரையும்போது தொடக்கத்தில் வலிப்பதில்லை. உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையே ஒரு மெல்லிய கருங்கோடாக அது படத்தில்தான் முதலில் தென்படும் என்று விளக்கினேன். இவ்வாண்டும் போய் எடுத்து வந்தார். கோடு இல்லை.