திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம்

திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் என்பது ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் தொடங்கிய நற்செய்திப் பணி அமைப்பு. ஐ.எம்.எஸ். என்ற சுருக்கப் பெயரே சபை மக்களிடையே வழங்குகிறது. இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் ஆகிய மூன்றும் இதன் அடிப்படைக் கொள்கைகள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வெளிநாட்டு மிஷனெரிகளை வரவேற்ற சபை, தானே மிஷனெரிகளை அனுப்பும் சபையாக மாறியதை இச்சங்கத்தின் வரலாறு காட்டுகிறது.

பின்னணி

திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டண்டு சபை வேரூன்றியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1778இல் ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து, குளோரிந்தா என்ற பிராமணக் கைம்பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தாவின் முயற்சியால் 1785இல் அங்கே ஒரு சிற்றாலயம் எழுந்தது. தஞ்சையிலிருந்து உபதேசியாராக வந்த சத்தியநாதன் சபையை வளர்த்தார். ஊரில் எதிர்ப்புக்கு ஆளான புதுக் கிறிஸ்தவர்கள் குடியேறுவதற்காக 1799இல் முதலூர் என்ற தனிக் கிராமம் உருவானது. அதை நிறுவிய தாவீது சுந்தரானந்தம் அந்த மண்ணின் மைந்தர்.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ், சி.எம்.எஸ். எனப்படும் சர்ச் மிஷனெரி சங்கத்தின் பணியை விரிவாக்கினார். அவர் காலத்தில், 1830இல், தர்ம சங்கம் தோன்றியது. நெருக்கடிக்குள்ளான கிறிஸ்தவர்களுக்கு நிலமும் குடியிருப்பும் வாங்கித் தருவது அதன் வேலை. பனையேறிப் பிழைத்த ஏழைகள் நிறைந்த ஒரு சபைக்குள் பிறர் தேவைக்காகக் காணிக்கை சேர்க்கும் பழக்கம் இப்படித்தான் வேர்விட்டது. மிஷனெரிகளான கால்டுவெல் இடையன்குடியிலும் சார்ஜெண்ட் பாளையங்கோட்டையிலும் பல்லாண்டுகள் உழைத்தனர். இருவரும் 1877இல் உதவி அத்தியட்சர்களானார்கள். 1896இல் திருநெல்வேலி தனித் திருமண்டலமாயிற்று.

1860ஆம் ஆண்டு எழுப்புதல்

அமைப்புகள் பெருகினாலும், சபையின் உள்ளுயிரைத் தட்டி எழுப்பியது 1860இல் வந்த எழுப்புதல். அதன் மையமாக இருந்தவர் இரேனியஸிடம் கல்வி பெற்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810-1867). எந்த மிஷனிடமும் சம்பளம் பெறாமல் ஊழியம் செய்யத் துணிந்த அவர், கிறிஸ்தியான்பேட்டை என்ற சிற்றூரை நிறுவி அங்கே வாழ்ந்தார். அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் எழுப்புதல் நிகழ்ந்த செய்தி அவருக்கு எட்டியபோது, தம் மக்களுக்காகவும் அவ்வாறே ஜெபித்தார். கூடுகைகளில் ஆண்களும் பெண்களும் பாவங்களை அறிக்கையிட்டு அழுதனர். படிப்பு குறைந்தவர்களும் அயல் ஊர்களுக்குப் போய்ப் பிரசங்கித்தனர். உணர்ச்சிப் பெருக்கைக் கண்டு சில மிஷனெரிகள் தயங்கினார்கள். வேறு சிலர் வரவேற்றார்கள். ஊழியம் என்பது பட்டம் பெற்ற குருவானவருக்கும் சம்பளம் பெறும் உபதேசியாருக்கும் மட்டுமே உரியதல்ல என்பதைப் பாமர விசுவாசிகள் அப்போது கண்கூடாகக் கண்டார்கள். பின்னாளில் தோன்றிய சங்கத்துக்கு இதைவிடப் பெரிய முன்னேற்பாடு வேறில்லை.

அசரியாவும் யாழ்ப்பாணப் பயணமும்

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர்க் குருவானவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த அசரியா, 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். 1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காணிக்கையில் தமிழகத்தின் தொண்டிப் பகுதிக்கு ஊழியர் அனுப்பி வந்ததைக் கண்டார். எண்ணிக்கையில் சிறிய யாழ்ப்பாணச் சபை கடல் தாண்டிக் கொடுக்கிறது. அதைவிடப் பெரிய திருநெல்வேலிச் சபையோ பெற்றுக்கொண்டே இருக்கிறது. அந்த வெட்கம் அவரை உலுக்கியது. திரும்பி வந்து சபைத் தலைவர்களிடமும் இளைஞர்களிடமும் பேசினார். ஆழ்ந்த வேத போதனைக்குப் பெயர்பெற்ற சி.எம்.எஸ். மிஷனெரி தாமஸ் வாக்கர் துணை நின்றார். மறு ஆண்டு சங்கம் பிறந்தது. அசரியாவே அதன் முதல் செயலாளர். 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தொடங்கிய தேசிய மிஷனெரி சங்கத்தை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர்.

தோர்ணக்கல் பணி

சங்கம் தேர்ந்த முதல் களம் நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல். முதல் மிஷனெரி சாமுவேல் பாக்கியநாதன் 1904இல் புறப்பட்டார். ரயில் சந்திப்பாக இருந்தாலும் சுற்றிலும் காடும் வறண்ட கிராமங்களும்தான். தமிழ் ஊழியர்கள் தெலுங்கை அகரத்திலிருந்து கற்க வேண்டியிருந்தது. அவர்கள் செய்தியை முதலில் ஏற்றவர்கள் மாலா, மாதிகா சமூகத்து நிலமற்ற கூலிகள்.

செயலாளராக அமர்ந்து பிறரை அனுப்பிக்கொண்டிருப்பது அசரியாவுக்குப் பொறுக்கவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே தோர்ணக்கலுக்குக் குடிபோனார். 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் பேசியபோது, இந்தியச் சபை மேல்நாட்டாரிடம் எதிர்பார்ப்பது தியாகத்தையும் பொருளுதவியையும் தாண்டிய சமமான நட்பையே என்று மன்றாடினார். அரங்கில் சிலர் முகம் சுளித்தார்கள். இன்று அம்மாநாட்டில் அதிகம் நினைவுகூரப்படும் உரை அதுவே. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அருட்பொழிவு பெற்றார்.

தோர்ணக்கல் திருமண்டலத்தின் பேராயரானபின் அவர் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சென்றார். ஞானஸ்நானம் பெறுவோர் ஒவ்வொருவரும் நற்செய்தியை அறிவிக்கத் தாங்களும் கடன்பட்டவர்கள் என்று வாயால் சொல்லவைத்தார். குடி, கடன், நோய், அழுக்கு ஆகியவற்றை எதிர்த்துப் போராடுவதை விசுவாச வாழ்வின் பகுதியாகவே கற்பித்தார். மனைவி அன்பு மாரியம்மாள் பெண்களிடையே உழைத்தார். 1940களின் தொடக்கத்தில் திருமண்டலத்தின் கிறிஸ்தவர் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது. 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தில் கோயில் மண்டபத் தூண்களும் மசூதிக் குவிமாடங்களும் சேர்ந்து நிற்கின்றன.

காணிக்கை வந்த வழி

சங்கத்தின் வரவு பெரும்பாலும் எளிய குடும்பங்களிலிருந்து வந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் போட்டுவைத்து ஆலயத்தில் சேர்க்கும் வழக்கம் தென்னாட்டுச் சபைகளில் பரவலானது. தோத்திரப் பண்டிகையில் விளைச்சலின் முதற்பலனைப் படைத்து, அதை ஏலம் விட்டுக் காணிக்கையாக்குவதும் உண்டு. தினமும் பிடி அரிசி எடுக்கும் கை, அது போய்ச் சேரும் ஊருக்காக ஜெபிக்கவும் செய்தது. பணத்தோடு மனமும் போனதால்தான் சங்கம் நிலைத்தது.

விவாதங்கள்

கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தியடிகள் 1930களில் கடுமையாக விமர்சித்தார். ஒடுக்கப்பட்டவர்களுக்கும் ஆன்மிகத் தேடல் உண்டு, அவர்கள் தாமே தேர்ந்தெடுக்க வல்லவர்கள் என்பது அசரியாவின் நிலைப்பாடு. அதே வேளையில் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி ஒதுக்குவதை அவர் எதிர்த்தார். சபை தன் எண்ணிக்கையை அரசியல் பலமாக்கிக்கொள்வதை அவர் விரும்பவில்லை.

பிற்காலம்

அசரியா 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கலில் மறைந்தார். அவர் நெடுங்காலம் பாடுபட்ட சபை ஐக்கியம், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. திருநெல்வேலித் திருமண்டலத்தின் ஆதரவோடு சங்கம் இன்றும் பல மாநிலங்களில் ஊழியம் செய்கிறது. 1959இல் தோன்றிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு போன்ற அமைப்புகளும் தமிழ் விசுவாசிகளின் காணிக்கையில் வட மாநிலங்களுக்கு ஊழியரை அனுப்பும் மரபைத் தொடர்ந்தன. ஒரு காலத்தில் தமிழ்நாட்டு அரிசிக் காணிக்கையை எதிர்பார்த்திருந்த தோர்ணக்கல், இன்று தெலுங்கு பேசும் தன் சொந்தக் குருமாரோடும் ஊழியரோடும் இயங்கும் திருமண்டலம். அனுப்பப்பட்ட இடம் தன் காலில் நிற்கும் நாளுக்காகவே சங்கத்தைத் தொடங்கியவர்கள் உழைத்தார்கள்.