ரேடார் முதலில் பிடித்தது எங்களை இல்லை

கிண்ணியாவிலிருந்து சீனன்குடா வழியாகத் திருகோணமலை டவுனுக்குப் பைக்கில் வாற எங்கட வயசுப் பெடியன்களுக்கு ஒரு பயம் எப்பவும் இருக்கும். மர நிழலில் டிராபிக் பொலிஸ் நிற்குமா, கையில் அந்த வேகம் அளக்கிற 'கன்' இருக்குமா? எதிரே வாறவர் லைட்டை அடிச்சுக் காட்டினால் போதும், எல்லாரும் நல்ல பிள்ளைகளாகிவிடுவோம். ஆனால் அந்தக் கருவியின் வரலாற்றுக்கும், நாங்கள் கடந்து போகிற சீனன்குடா விமானத்தளத்துக்கும் ஒரு சொந்தம் இருக்கு.

1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையை நோக்கி வருவதைக் கரையிலிருந்த பிரித்தானிய ரேடார் முன்கூட்டியே கண்டுபிடித்தது. சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன் சண்டை விமானங்கள் எழும்பின. அப்ப ரேடாரின் வேலை எதிரி எவ்வளவு தூரத்தில் வாறான் என்று சொல்வதுதான்.

அதே போர்க்காலத்தில் இங்கிருந்து கடல் ரோந்து போனவை கட்டலினா விமானங்கள். அமெரிக்காவில் இந்த வகை விமானங்கள் தரையிறங்கும்போது சில்லுப் பகுதி பழுதாகியதாம். எவ்வளவு வேகமாகக் கீழே இறங்குகின்றன என்று அளக்க, ஜோன் பார்க்கர், பென் மிட்லொக் என்ற இருவர் கோப்பி டின்களை ஒட்டவைத்து ஒரு சின்ன ரேடார் செய்தார்கள். போர் முடிந்ததும் அதை வீதிப் பக்கம் திருப்பினார்கள். 1947இல் கனெக்டிகட் மாநிலப் பொலிஸ் அதைப் பரிசோதித்தது. 1949 பெப்ரவரியில் அதை வைத்துத் தண்டம் எழுதத் தொடங்கியது.

அதற்கு முன்னர் எப்படிப் பிடித்தார்கள்? 1896இல் இங்கிலாந்தில் வால்டர் ஆர்னல்ட் என்பவர் மணிக்கு 2 மைல் எல்லைக்குள் 8 மைல் வேகத்தில் கார் ஓடினார். ஒரு பொலிஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். தண்டம் ஒரு ஷில்லிங். அங்கே சாட்சி பொலிஸ்காரரின் சொல்தான். ரேடார் வந்த பிறகு அந்தச் சொல்லின் இடத்தில் ஓர் எண் வந்தது. கமரா வந்தபோது எண்ணோடு படமும் சேர்ந்தது.

இந்த வித்தியாசம் எங்கட ஊருக்குப் பெரிசு. போர்க்காலத்தில் இந்த வழியெல்லாம் சோதனைச் சாவடி. மறிச்சால் ஐசியைக் காட்டவேணும், ஏன் மறிச்சீங்க என்று கேட்க ஏலாது. கிண்ணியாவில் தோணிப்பாதைக்குக் காத்துநிற்க வேணும். 2009இல் பாலம் திறந்தது, பிறகு வீதியும் நல்லாச்சு, எங்களுக்கு வேகமும் வந்தது. இப்ப மறிக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அந்தக் காரணம் கருவியின் திரையில் எண்ணாக எழுதியிருக்கு.

அப்படியிருந்தும் கனபேர் தண்டப்பத்திரம் வாங்காமல், "ஐயா, ஏதாவது பார்த்துச் செய்யுங்கோ" என்று பேரம் பேசத்தான் பார்க்கிறோம். ஏன் என்றும் விளங்குது. லைசென்ஸைக் குடுத்துவிட்டு, 14 நாளைக்குள் தபாற்கந்தோரில் காசு கட்டி, பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய்த்தான் அதைத் திரும்ப எடுக்கவேணும். கூலிவேலை செய்கிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். 2025இல் ஒன்லைனில் தண்டம் கட்டும் முறை தொடங்கியிருக்கு. அது எல்லா இடமும் ஒழுங்காக நடந்தால் பேரத்துக்கான பெரிய சாட்டு ஒன்று இல்லாமல் போகும்.

பேரம் பேசும்போது நாம் அந்த எண்ணை நாமே அழிக்கிறோம். திரும்பவும் சீருடை போட்டவரின் மனசும் எங்கட கெஞ்சலும் மட்டும்தான் மிஞ்சும். அதை இந்த ஊர் கனகாலம் பார்த்தாச்சு.

ஆகவே மறிச்சால் மரியாதையாக வேகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ. பத்திரத்தில் எழுதியிருப்பதை வாசியுங்கோ. 14 நாளைத் தவறவிட்டால் தொகை கூடும், அதற்குப் பிறகு வழக்கு. இன்னொன்று, வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நாலு மடங்காகும். ஊருக்குள் 50 என்று போட்டிருப்பது பள்ளிக்கூடம் விட்டு வாற எங்கட தம்பி தங்கச்சிக்காகவும்தான்.