சர்க்கி தாத்ரி நடுவான் மோதலும் விமானப் பிரிப்பு விதிகளின் வரலாறும்

சர்க்கி தாத்ரி நடுவான் மோதல் என்பது 1996 நவம்பர் 12 அன்று மாலை, அரியானா மாநிலத்தின் சர்க்கி தாத்ரி அருகே வானில் நிகழ்ந்த விமான விபத்து ஆகும். சௌதியா நிறுவனத்தின் போயிங் 747 விமானமும் கசக்ஸ்தான் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் இலியூசின் 76 விமானமும் நேருக்கு நேர் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் உயிரிழந்தனர். நடுவானில் நிகழ்ந்த மோதல்களில் மிக அதிகமான உயிர்களைப் பறித்தது இதுவே. இரு விமானங்களுக்கு இடையே இருக்க வேண்டிய இடைவெளியைக் காப்பதற்கு இந்தியாவில் இன்று உள்ள ஏற்பாடுகளில் பல இவ்விபத்துக்குப் பின் வந்தவை.

பிரிப்பு இடைவெளி

வானில் செல்லும் விமானங்கள் ஒன்றையொன்று நெருங்காதிருக்க வகுக்கப்பட்ட குறைந்தபட்சத் தொலைவே பிரிப்பு இடைவெளி எனப்படுகிறது. ஒரே பாதையில் செல்லும் விமானங்கள் உயரத்தில் பொதுவாக 1,000 அடி, அதாவது ஏறத்தாழ 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். உயரம் ஒன்றாக இருந்தால் பக்கவாட்டில் சில கடல் மைல்கள் விலகியிருக்க வேண்டும். இதைக் கவனிப்பது தரையில் உள்ள வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் பணி. இந்திய வான்வெளி இதற்காகச் சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா என்னும் நான்கு பெரும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நெய்வேலி, திருவதிகை ஆகிய ஊர்களுக்கு மேலே உயரத்தில் செல்லும் விமானங்கள் சென்னைப் பகுதியின் கட்டுப்பாட்டில் பறக்கின்றன.

இந்த ஏற்பாடு நெடுங்காலம் வானொலிப் பேச்சையே நம்பியிருந்தது. கட்டுப்பாட்டாளர் ஓர் உயரத்தைச் சொல்வார். விமானி அதைத் திருப்பிச் சொல்லி ஏற்றுக்கொள்வார். சொன்ன உயரத்தில்தான் விமானம் உள்ளதா என்று தரையிலிருந்து சரிபார்க்கும் கருவி எல்லா நிலையங்களிலும் இருக்கவில்லை.

அன்று மாலை நடந்தது

சௌதியா 763 தில்லியிலிருந்து தகரான் நோக்கி மாலை 6.32 மணியளவில் புறப்பட்டது. அதில் 312 பேர் இருந்தனர். வேலைக்காகச் சௌதி அரேபியா சென்ற இந்தியர்களே அவர்களில் பெரும்பான்மையினர். கசக்ஸ்தானின் சிம்கென்ட் நகரிலிருந்து தில்லிக்கு வந்துகொண்டிருந்த 1907ஆம் எண் விமானத்தில் 37 பேர் இருந்தனர்.

அக்காலத்தில் தில்லியைச் சுற்றியுள்ள வான்வெளியின் பெரும்பகுதி விமானப்படையின் பயன்பாட்டில் இருந்தது. எனவே பயணிகள் விமானங்கள் வருவதற்கும் போவதற்கும் ஒரே வழித்தடமே ஒதுக்கப்பட்டிருந்தது. இரு விமானங்களையும் ஒரே கட்டுப்பாட்டாளர் கவனித்தார். சௌதியா விமானம் 14,000 அடியில் நிற்கவும், கசக் விமானம் 15,000 அடி வரை மட்டுமே இறங்கவும் அவர் அனுமதி அளித்தார். எதிரே விமானம் வருவதையும் கசக் குழுவினருக்கு அறிவித்து, கண்ணில் பட்டால் தெரிவிக்குமாறு கேட்டார்.

15,000 அடியை அடைந்துவிட்டதாகக் கசக் விமானத்திலிருந்து தகவல் வந்தது. உண்மையில் அவ்விமானம் அந்த உயரத்தையும் கடந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தரையுடன் பேசியவர் அதன் வானொலி இயக்குநர். அவர் இருக்கைக்கு எதிரே உயரமானி இல்லை. விமானிகளுக்கு முன்னிருந்த கருவியையே எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. கடைசி நொடிகளில் தவறு தெரிந்து விமானத்தை மேலே ஏற்ற முயன்றனர். சுமார் 6.40 மணிக்கு, அதன் வால் பகுதி போயிங்கின் இடது இறக்கையை அறுத்தது. சிதைவுகள் வயல்களில் விழுந்தன. அவ்வழியே பறந்துகொண்டிருந்த அமெரிக்க வான்படைச் சரக்கு விமானத்தின் விமானி, மேகம் ஒன்று செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்வதைக் கண்டு தகவல் தந்தார்.

விசாரணையும் மாற்றங்களும்

அப்போது தில்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஆர். சி. லகோட்டி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அனுமதித்த உயரத்துக்குக் கீழே கசக் விமானம் இறங்கியதே விபத்துக்குக் காரணம் என ஆணையம் முடிவு செய்தது. ஆங்கிலத்தில் தரப்படும் கட்டளைகளைப் புரிந்துகொள்வதில் அக்குழுவினருக்கு இருந்த குறைபாடும், குழுவினரிடையே ஒருங்கிணைப்பு இல்லாமையும் சுட்டிக்காட்டப்பட்டன.

தவறு ஒரு விமானத்தில் நிகழ்ந்தது. அதைத் தடுத்து நிறுத்த இரண்டாவது வேலி எதுவும் இல்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. தில்லியில் அன்று பயன்பட்ட முதன்மை ரேடார் விமானத்தின் திசையையும் தொலைவையும் மட்டுமே காட்டும், உயரத்தைக் காட்டாது. விமானத்திலிருந்து உயரத் தகவலைப் பெறும் இரண்டாம் நிலை ரேடார் அங்கு இன்னும் செயல்பாட்டுக்கு வரவில்லை. எதிரே வரும் விமானத்தைத் தானே உணர்ந்து எச்சரிக்கும் மோதல் தவிர்ப்புக் கருவியும் இரு விமானங்களிலும் இல்லை. பெரிய பயணிகள் விமானங்களில் அக்கருவி இருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1993 முடிவிலேயே முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தது.

விபத்துக்குப் பின் தில்லியில் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வழித்தடங்கள் ஒதுக்கப்பட்டன. உயரம் காட்டும் ரேடார் செயல்பாட்டுக்கு வந்தது. இந்தியாவுக்கு வந்துபோகும் பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

கருவியா, கட்டுப்பாட்டாளரா?

கருவி வந்த பின் புதிய சிக்கல் தோன்றியது. 2001 சனவரி 31 அன்று சப்பான் வானில், பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் ஒருவர் விமான எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டார். ஒரு விமானத்தின் கருவி மேலே ஏறச் சொன்னது. கட்டுப்பாட்டாளரின் கட்டளையோ கீழே இறங்கச் சொன்னது. விமானி கட்டளையை ஏற்று இறங்கினார். மிக அருகில் கடந்த இரு விமானங்களிலும் 677 பேர் இருந்தனர். மோதல் தப்பியது, ஆனால் பலர் காயமடைந்தனர்.

பதினேழு மாதங்களுக்குப் பின், 2002 சூலை 1 இரவு, செருமனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே இதே முரண்பாடு மீண்டும் நேர்ந்தது. இம்முறை உருசியப் பயணிகள் விமானமும் சரக்கு விமானமும் மோதி 71 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிறார்கள். சூரிக்கில் அன்றிரவு ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு திரைகளைக் கவனிக்க நேர்ந்தது. பராமரிப்புப் பணிக்காகச் சில கருவிகளும் தொலைபேசி இணைப்பும் நிறுத்தப்பட்டிருந்தன. கருவியின் எச்சரிக்கையும் தரையின் கட்டளையும் முரண்பட்டால் கருவியையே பின்பற்ற வேண்டும் என்ற விதி இதன் பின்னரே உலகெங்கும் ஐயத்துக்கு இடமின்றி வலியுறுத்தப்பட்டது.

அண்மை நிகழ்வு

2022 சனவரி 7 அன்று பெங்களூரு விமான நிலையத்தில் ஓர் ஓடுபாதையின் பயன்பாட்டை நிறுத்த முடிவு செய்யப்பட்டது. அந்த முடிவு அதற்குரிய கோபுரக் கட்டுப்பாட்டாளரைச் சென்று சேரவில்லை. விளைவாக, இணையான இரு ஓடுபாதைகளிலிருந்து இரண்டு இண்டிகோ விமானங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒன்றையொன்று நெருங்கின. ரேடார் திரையில் இதைக் கண்ட மற்றொரு கட்டுப்பாட்டாளர் இரண்டையும் வெவ்வேறு திசைகளில் திருப்பினார். இரு விமானங்களிலும் 426 பேர் இருந்தனர்.

சர்க்கி தாத்ரியிலும் பெங்களூருவிலும் பிழை மனிதரிடமே பிறந்தது. தில்லியின் திரையில் 1996இல் உயரம் தெரியவில்லை. பெங்களூருவில் இரு விமானங்களும் நெருங்குவதைக் காட்டும் திரையும், அதைக் கவனிக்க வேறொருவரும் இருந்தனர். பிழையைக் கண்டு திருத்த இன்னொரு கண் இருக்க வேண்டும் என்பதே பிரிப்பு விதிகளின் இன்றைய அடிப்படையாகும்.