முன்னொட்டு யாருக்குச் சொந்தம்? – மெக்கறி வழக்கின் வரலாறு

பிரிக்பீல்ட்ஸ் வீதிகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடைப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால், விலாஸ், பவன், கறி போன்ற சொற்கள் பல கடைகளின் பெயர்களில் வரக் காண்கிறோம். அவற்றுள் ஒன்றைத் தன் தனியுடைமை என ஒரு வணிகர் உரிமை கொண்டாடினால் என்னாகும்? இவ்வினாவுக்குக் கோலாலம்பூரில் எட்டாண்டுகள் நடந்த ஒரு வழக்கு விடை தந்தது.

1999ஆம் ஆண்டில் ஜாலான் ஈப்போவில் ஓர் இந்திய உணவகம் தொடங்கப்பெற்றது. அதன் பெயர் ‘மெக்கறி’. மலேசியக் கோழிக்கறி என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே அப்பெயர் என்பது உரிமையாளர் தரப்பின் விளக்கம். 1982 முதல் மலேசியாவில் கடை நடத்திவந்த மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் இதனை ஏற்கவில்லை. ‘மெக்’ என்னும் முன்னொட்டைக் கண்டதும் மக்கள் தம்மையே நினைப்பர் என்று கூறி, 2001இல் அது வழக்குத் தொடுத்தது.

இங்கே சட்டத்தின் பின்னணியைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். புதிய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமையும், பொருளின் தோற்றத்துக்குப் பதிவுபெற்ற வடிவமைப்பும், பெயருக்கும் குறிக்கும் வணிகச் சின்னமும் பாதுகாப்பளிக்கின்றன. மலேசியாவில் இவற்றுக்கு முறையே 1983, 1996, 1976ஆம் ஆண்டுச் சட்டங்கள் இயற்றப்பெற்றன; இறுதியாகக் குறித்ததன் இடத்தில் இன்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. இவற்றோடு, ஒருவர் தம் சரக்கைப் பிறர் சரக்குப்போலக் காட்டி விற்பதைத் தடுக்கும் பழைய பொதுச்சட்ட நெறியும் உண்டு. மெக்கறி வழக்கு அந்நெறியின்பாற்பட்டது. வழக்காடுபவர் மூன்றை மெய்ப்பிக்க வேண்டும்: தமக்குள்ள நற்பெயர், எதிர்த்தரப்பின் மயக்கந்தரும் செயல், அதனால் விளையும் இழப்பு.

இந்நெறி பெயரை மட்டும் பார்ப்பதன்று. எலுமிச்சம்பழ வடிவான நெகிழிக் குப்பியில் சாறு விற்ற நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், பிரிட்டனின் பிரபுக்கள் அவை 1990இல் அந்நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. போட்டியாளரின் குப்பியில் வேறு பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஆயினும் வாங்குவோர் வடிவத்தையே நம்பி எடுத்தனர். மக்கள் எதை நம்பி வாங்குகின்றனர் என்பதே இவ்வகை வழக்குகளின் உயிர்நிலை.

மெக்கறி வழக்கில், உயர்நீதிமன்றம் 2006இல் மெக்டோனல்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கோபால் ஸ்ரீராம், ஓர் அசையைத் தனியே பிரித்தெடுத்து ஒப்பிடாமல், இரு கடைகளின் முழுத் தோற்றத்தையும் ஒப்பிட்டார். ஒன்றில் பொன்னிற வளைவாக அமைந்த ‘எம்’ எழுத்து. மற்றொன்றின் பலகையில் இரு கட்டைவிரல்களையும் உயர்த்திக் காட்டும் கோழி. உணவு வகைகள் வேறு, நாடிவருவோரும் வேறு. மெக்டோனல்ட்ஸ் தன் பண்டங்களின் பெயர்களில் ‘மெக்’ சேர்க்கிறது. மெக்கறி தன் பண்டங்களுக்கு அவ்வாறு பெயரிடவில்லை. ஆகவே ‘மெக்’ என்பதன்மீது அந்நிறுவனத்துக்கு முற்றுரிமை உண்டெனக் கொண்டது பிழை என நீதிமன்றம் முடிவுசெய்தது. 2009 செப்டம்பர் 8ஆம் நாள், அரிபின் சக்காரியா தலைமையிலான கூட்டரசு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, மேலும் முறையிட அனுமதி மறுத்தது. 10,000 ரிங்கிட் செலவுத்தொகையும் விதித்தது.

மொழி பயில்வோர் இவ்வழக்கில் இன்னொன்றையும் காணலாம். ‘மெக்’ என்பது மகன் எனப் பொருள்படும் கேலிக் மொழிச் சொல். ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் குடிப்பெயர்கள் பலவற்றின் தலைப்பில் நிற்பது. ‘கறி’யோ தமிழ் தந்த சொல். சங்க நூல்களில் மிளகைக் குறித்த அச்சொல், பின்னர்த் தொடுகறியைக் குறித்து, கடல் கடந்து ஆங்கிலத்திலும் ஏறியது. இரு மக்களினங்கள் வழங்கிய பொதுச் சொற்கள் ஒரே பலகையில் சந்தித்தன.

எனினும் இவ்வெற்றியை மிகைப்படுத்துதல் ஆகாது. ‘மெக்’கை எவரும் எப்படியும் பயன்படுத்தலாம் என்று நீதிமன்றம் கூறவில்லை. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் ‘மெக்காப்பி’ என்னும் சின்னப்பதிவு செல்லாது என்ற முடிவை ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2016இல் உறுதிப்படுத்தியது. பிறரது புகழால் முறையற்ற ஆதாயம் பெறுவதையே அங்குள்ள பதிவுச்சட்டம் தடுக்கிறது. வாங்குவோர் மயங்கினர் என்று காட்டவேண்டிய கட்டாயம் அதில் இல்லை. சட்டமும் சான்றும் மாறினால் முடிவும் மாறும்.

ஆதலின், மாணவர்கள் நாளை ஒரு கடைக்கோ பொருளுக்கோ பெயர் சூட்டும்போது, அது பொதுச்சொல்லா என்று பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. எழுத்து, நிறம், படம், பண்டம் அனைத்தும் சேர்ந்து வாங்குவோரிடம் என்ன சொல்கின்றன என்பதையும் எண்ணவேண்டும். ஜாலான் ஈப்போ உணவகத்தைக் காத்தது, அதன் பலகை எவரையும் ஏமாற்றவில்லை என்ற உண்மையே.