தாம்பரத்துக்கு வந்த கல்லூரியும் வீட்டுக்கு வந்த பாடமும்

“கைப்பேசியிலேயே ஓதக் கற்றுத் தருகிறார்களே, பிள்ளையை எதற்கு மதரஸாவுக்கு அனுப்ப வேண்டும்?” என்று தாம்பரம், பல்லாவரம் பகுதிப் பெற்றோர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். விடையின் ஒரு பகுதி நம் ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அதற்கு ஆறாண்டுகள் கழித்து, ஜார்ஜ் டவுன் நெரிசலில் நடந்துவந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துப் புதர்க்காட்டுக்கு இடம்பெயர்ந்தது. 1837இல் தொடங்கிய நிறுவனம் அது. நூறாண்டு வேரூன்றிய இடத்தை விட்டு வருவது எளிதன்று. இடநெருக்கடி மட்டுமே அதற்குக் காரணமன்று. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் கூடி வாழ்ந்து கற்க வேண்டும் என்று அதை நடத்தியோர் விரும்பினர். எனவே சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் ஆகிய விடுதிகள் வகுப்பறைக்கு இணையான இடம் பெற்றன. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் துணைவியார் ஆலிஸும் அங்கே மரங்களை நட்டு வளர்த்தனர். வேதியியலுக்கும் மரத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்று யாரேனும் கேட்டிருக்கலாம்!

பின்னர் 1984இல், கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் முயற்சியில் வண்டலூரில் கிரசென்ட் பொறியியல் கல்லூரி எழுந்தது.

கூடி வாழ்ந்து கற்பது நமக்குப் புதிதன்று. மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் தங்கிக் கற்ற சுஃப்பாத் தோழர்களை நாம் அறிவோம். வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத்தில் கேரளத்து மாணவர்களும் வந்து தங்கி ஓதினார்கள்.

அன்றைய புதுக்கருவியான ரயில் மாணவரை ஆசிரியரிடம் கொண்டு சேர்த்தது. கைப்பேசியோ பாடத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. 2020 ஊரடங்கில் அதுவும் பெரும் நிஃமத்தாகவே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஸீனையும் ஸாதையும் பிரித்தறிய உஸ்தாதின் காது மட்டும் போதாது. பிள்ளையின் நாவு எங்கே படுகிறது என்று கண்ணும் பார்க்க வேண்டும். ஒலி விட்டுவிட்டு வரும் திரையில் அது இயலவில்லை. அருகில் அமர்ந்த பிள்ளையின் பிழை திருத்தப்படுவதைக் கேட்டே தன் பிழையைத் திருத்திக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. தனித்திருந்த அவர்கள்தாம் மிகவும் பின்தங்கினார்கள்.

எங்கள் மக்தபில் இப்போது, நல்ல காரிகளின் ஒலிப்பதிவை வீட்டில் கேட்டுவரச் சொல்கிறோம். மஃரிபுக்குப் பின் எதிரே அமரவைத்து ஓதக் கேட்கிறோம்.