டாட்டூ மை ஒவ்வாமை

நிலையாகப் பச்சை குத்தும்போது தோலின் உள்ளடுக்கில் செலுத்தப்படும் நிறமியை உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் பகையாகக் கருதி எதிர்ப்பதே டாட்டூ மை ஒவ்வாமை. குத்திய முதல் சில நாட்களில் காணும் வீக்கமும் எரிச்சலும் ஊசிக் காயத்தால் வருபவை, தானாகவே ஆறும். சீழ் கட்டினால் அது கிருமித்தொற்று. ஒவ்வாமையின் போக்கு வேறு. புண் நன்றாக ஆறி, வாரங்களோ மாதங்களோ, சிலருக்கு ஆண்டுகளோ கழிந்தபின் அது தலைகாட்டும். தோளில் ஒரு ரோஜா குத்தியிருந்தால், சிவப்பு இதழ்கள் மட்டும் தடித்து மேடிட்டு அரிக்கும். கறுப்புக் கோடுகள் தோலோடு தோலாகக் கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே சிவப்பு எங்கே முடிகிறது என்று சொல்லிவிடலாம். சிலருக்கு அந்த இடம் காய்ப்பேறியதுபோல் சொரசொரப்பாகும். அரிதாகப் புண்ணாகி உடையும்.

ஒவ்வாமை இப்படித் தாமதித்து வருவதைக் கணக்கில் கொள்ளாததால்தான், "முதலில் ஒரு புள்ளி குத்திப் பார்த்துவிட்டால் போதும்" என்ற நம்பிக்கை நிலைத்திருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது. ஏனென்று அறிய, ஒவ்வாமை எதனால் வருகிறது என்று பார்க்கவேண்டும். முன்பெல்லாம் சிவப்புக்குச் சாதிலிங்கம் என்னும் பாதரசச் சேர்மமும், மஞ்சளுக்குக் காட்மியமும், பச்சைக்குக் குரோமியமும், நீலத்துக்குக் கோபால்ட்டும் பயன்பட்டன. குற்றவாளி உலோகம்தான் என்று அன்று கருதியதில் நியாயம் இருந்தது. பாதரசம் போய், சிவப்புக்குப் பெரும்பாலும் அசோ வகைக் கரிம நிறமிகள் வந்தபின்னும் சிவப்பின் தொல்லை தீரவில்லை. இந்த நிறமிகளில் பல பெயின்ட்டுக்கும் அச்சு மைக்கும் பிளாஸ்டிக்குக்கும் உருவானவை. மனிதத் தோலுக்குள் பல்லாண்டு கிடப்பதற்கென்று எவரும் அவற்றை வடிவமைக்கவில்லை.

கோபன்ஹேகன் நகரின் பிஸ்பெபியர் மருத்துவமனைத் தோல் மருத்துவர்கள், டாட்டூவால் பாதிக்கப்பட்ட 90 பேருக்குப் பேட்ச் டெஸ்ட் செய்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஒவ்வாமைப் பொருட்களோடு, தொல்லை கொடுத்த மையையே முதுகில் ஒட்டிப் பார்த்தும் பெரும்பாலோருக்கு எதிர்வினை வரவில்லை. தோலுக்குள் வீங்கித் தடித்திருக்கும் மை, அதே ஆளின் முதுகில் ஒட்டினால் சும்மா இருக்கிறது! அவர்கள் தந்த விளக்கம் இது: ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள் மைப் புட்டியில் இல்லை, நிறமி தோலுக்குள் மெல்லச் சிதைந்து, அந்தத் துணுக்கு உடலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான் உருவாகிறது. சிதைவதற்கு வேண்டிய அவகாசமும் கிடைக்கிறது. நிறமியை விழுங்கிய விழுங்கணுக்கள் இறக்கும்போது அதை வெளியே விட, புதிய விழுங்கணுக்கள் அதை மறுபடி விழுங்குகின்றன என்பதைப் பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளில் காட்டினார்கள். டாட்டூ அழியாமல் நிற்பதன் சூட்சுமம் இதுவே. அப்படியிருக்க, இன்று ஒரு புள்ளி குத்தி அடுத்த வாரம் பார்ப்பது எதைக் காட்டும்?

முன்சோதனையே வீண் என்று இதற்குப் பொருளில்லை. கடைத்தெருவிலும் சுற்றுலாத் தலங்களிலும் போடப்படும் "கறுப்பு மருதாணி"யில் பெரும்பாலும் கலந்திருப்பது, ஹேர் டையில் உள்ள அதே பிபிடி என்னும் வேதிப்பொருள். அது தோலின் மேலிருந்தே வேலை செய்வதால் பேட்ச் டெஸ்டில் பிடிபடும். ஒருமுறை அதற்கு ஒவ்வாமை வந்தவர்களுக்குப் பின்னாளில் ஹேர் டை பூசினாலே முகமும் இமையும் வீங்கலாம். இந்த அனுபவத்தை நிலையான டாட்டூவுக்கும் அப்படியே பொருத்தியதால்தான் குழப்பம்.

சிவப்பின் மேல் வீண்பழி சுமத்துகிறோமா என்றும் கேட்கலாம். நியூயார்க்கில் 300 பேரிடம் கேட்டு 2015-இல் வெளியான ஆய்வில், 6 சதவீதம் பேர் குறிப்பிட்ட நிறத்தில் 4 மாதத்துக்கு மேல் நீடித்த தொல்லையைச் சொன்னார்கள். அதில் சிவப்பின் பங்கு 44 சதவீதம். சிவப்பு குத்தியிருந்தவர்களே 36 சதவீதம் என்பதால், இடைவெளி பெரிதல்ல. ஆனால் பத்தில் ஒன்பது பேர் கறுப்பு குத்தியிருந்தும், நீடித்த தொல்லையில் கறுப்பின் பங்கு மூன்றில் ஒன்றுதான். கரித்தூளே அடிப்படையான கறுப்போடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவு. 2020-இல் 104 தோல் மாதிரிகளை ஆராய்ந்தபோது, சிவப்பு 22, 170, 210 எனக் குறிக்கப்படும் சில அசோ நிறமிகளே மீண்டும் மீண்டும் தென்பட்டன. ஆக, பழியை நிறத்தின் மேல் போடுவதைவிட நிறமியின் மேல் போடுவதே சரி. அது வாடிக்கையாளரால் கண்டுபிடிக்கக்கூடியதும் அல்ல. அமெரிக்காவில் விற்கும் 54 மைகளைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், 45 புட்டிகளில் லேபிளில் சொல்லாத பொருட்கள் இருந்தன.

எனவே பாதுகாப்பின் பொறுப்பு மை தயாரிப்பவர்மேலும் சட்டத்தின்மேலும் விழவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி 4 முதல் டாட்டூ மையில் நாலாயிரம் அளவிலான வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது; நீலம் 15:3, பச்சை 7 ஆகிய இரு நிறமிகளுக்கு மட்டும் ஓராண்டு கூடுதல் அவகாசம் தந்தது. இது பெரிய முன்னேற்றம் என்றாலும் முழுமையல்ல. புட்டியில் இருப்பதைத்தான் பட்டியலிட முடியும். தோலுக்குள் பிறகு உருவாவதைப் பட்டியல் எட்டுவதில்லை.

வந்தபின் தீர்ப்பதும் எளிதல்ல. ஸ்டீராய்டு களிம்பும் ஊசியும் அரிப்பை அடக்கும். நிறமி உள்ளேயே இருப்பதால் நிறுத்தியதும் திரும்பலாம். லேசரால் அழித்துவிடலாம் என்று தோன்றும். லேசர் நிறமியை உடைத்துப் பரப்புவதால் ஒவ்வாமை உடல் முழுதும் கிளம்பும் அபாயம் உண்டு. நிறமி உள்ள தோலடுக்கைச் சீவியோ வெட்டியோ அகற்றுவதே பலருக்கு நிலையான தீர்வாகிறது. தடித்து அரிக்கும் டாட்டூவோடு லேசர் கடைக்குப் போகாதீர்கள். தோல் மருத்துவரிடம் போங்கள்.