நிகழ்நேர நிலநடுக்க வரைபடம்

உலகில் பதிவாகும் நிலநடுக்கங்களின் இடம், நேரம், ஆழம், அளவு ஆகியவற்றைச் சில நிமிடங்களிலேயே இணையத்தில் காட்டும் வரைபடம் நிகழ்நேர நிலநடுக்க வரைபடம் எனப்படும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் வரைபடம் இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. ஐரோப்பிய-மத்தியதரைக்கடல் நிலநடுக்கவியல் மையம், ஜப்பான் வானிலை முகமை, புதுடெல்லியிலுள்ள தேசிய நிலநடுக்கவியல் மையம் ஆகியவையும் இத்தகவலை உடனுக்குடன் வெளியிடுகின்றன.

அமெரிக்க வரைபடத்தில் ஒவ்வொரு நிலநடுக்கமும் ஒரு வட்டம். வட்டம் பெரிதானால் நிலநடுக்கமும் பெரிது. சிவப்பாக இருந்தால் கடந்த ஒரு மணி நேரத்துக்குள் நிகழ்ந்தது. கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரிலுள்ள தேசிய நிலநடுக்கத் தகவல் மையம் ஆண்டுக்குச் சுமார் 20,000 நிலநடுக்கங்களின் இடத்தைக் கணிக்கிறது. நாளொன்றுக்கு 55 என்ற இந்தக் கணக்கை அறியாமல் வரைபடத்தைத் திறப்பவர், பூமிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைப்பார். கலிஃபோர்னியாவும் அலாஸ்காவும் வட்டங்களால் நிறைந்து, ஆசியாவின் பெரும்பகுதி வெறுமையாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் நிலநடுக்கமானிகள் நெருக்கமாக இருப்பதால் சிறு அதிர்வுகளும் பதிவாகின்றன. பிற நாடுகளில் நிகழ்பவற்றுள் பெரும்பாலும் 4.5 அளவும் அதற்கு மேலும் உள்ளவையே அதில் இடம்பெறும்.

நிலநடுக்கமானியை முதலில் எட்டுவது வேகமான முதன்மை அலை. அடுத்து வருவது இரண்டாம் அலை. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் தொலைவைத் தருகிறது. பல நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்துக் கணினி நிலநடுக்கத்தின் மையத்தைக் கணிக்கிறது. நிலநடுக்கவியலாளர் பின்னர் அதைச் சரிபார்க்கிறார். ஆழம் சரியாக 10 கிலோமீட்டர் என்று இருந்தால், அது பெரும்பாலும் அளந்தறிந்த எண்ணாக இராது. ஆழத்தைத் தீர்மானிக்கப் போதிய தரவு இல்லாதபோது கணக்குக்காக வைத்துக்கொள்ளும் மதிப்பு அது.

முதலில் வெளியாகும் அளவும் அப்படியே நிலைப்பதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரப்படி காலை 6.28 மணிவாக்கில் சுமத்ரா கடலடியில் நிலம் பிளந்தது. ஏறத்தாழ 15 நிமிடங்களில் ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் அதன் அளவை 8.0 என்றது, ஒரு மணி நேரம் கழித்து 8.5 என்று திருத்தியது. இன்று ஏற்கப்படும் அளவு 9.1. அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும் என்பதால், நாகப்பட்டினத்தைச் சூறையாடிய சுனாமி அலைக்குக் காரணமான நிலநடுக்கம் முதல் கணிப்பைவிடப் பல மடங்கு பெரியது. நெடுந்தொலைவு நீளும் பிளவு முறிந்து முடியவே பல நிமிடங்கள் ஆகும். தொடக்க அலைகளை மட்டும் வைத்து அதன் முழு அளவைச் சொல்ல முடியாது.

தானியங்கி முறைக்கு வேடிக்கையான பிழைகளும் உண்டு. 2017 ஜூனில் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 6.8 அளவில் நிலநடுக்கம் என்று அறிவிப்பு வந்தது. உண்மையில் அது 1925-இல் நிகழ்ந்தது. பழைய பதிவின் இடத்தை ஆய்வாளர்கள் திருத்தியபோது ஆண்டு 2025 என்று மாறிப்போனது. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸின் மென்பொருள் உடனே செய்தியும் வெளியிட்டுவிட்டது.

கருவிகளோடு மக்களும் தகவல் தருகிறார்கள். அதிர்வை உணர்ந்தவர்கள் நிரப்பும் இணையப் படிவங்களிலிருந்து, எங்கே எவ்வளவு கடுமையாகக் குலுங்கியது என்ற தனி வரைபடம் உருவாகிறது. ஐரோப்பிய மையம் தன் வலைத்தளத்துக்குத் திடீரென ஒரே பகுதியிலிருந்து குவியும் பார்வையாளர்களைக் கொண்டே நிலநடுக்கத்தை ஊகிக்கிறது. சில வேளைகளில் கருவிகளின் கணக்கு முடிவதற்கு முன்பே இது தெரிந்துவிடுகிறது.